கான்டெஸாவை வெட்டலாமா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "பழைய காரும் புதிய ஆசையும்". கேட்டால் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. உண்மையில் இது ஒரு பஞ்சாயத்து. நம் சங்க உறுப்பினர் ஒருவரிடம் 1991-ஆம் வருஷத்து கான்டெஸா கிளாசிக் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே இரண்டு வெள்ளைப் பட்டை இழுத்து, அலாய் வீல் போட்டாகிவிட்டது. இதோடு ஆசை அடங்கவில்லை. உள்ளே இருக்கும் இசுசு இன்ஜினைக் கழற்றிவிட்டு ஆறு சிலிண்டர் ஜப்பான் இன்ஜின் ஒன்றை ஏற்ற வேண்டும், பானட்டை வெட்டிக் காற்றுக்கு வாய் வைக்க வேண்டும், அகல டயர் நுழைய வீல் ஆர்ச்சை வெட்டி விரிக்க வேண்டும் என்கிறார். கேட்டால், "அமெரிக்கன் மசில் கார் மாதிரி பண்ணப் போறேன்" என்று பதில். செய்வதற்கு முன்னால் நாலு பேரைக் கேட்டுச் சொல்லேன் என்று என்னிடம் விட்டார். நான் நாலு பேரோடு நிற்கவில்லை. அந்தக் கருத்துகளைத்தான் இங்கே பொதுவில் வைக்கிறேன்.

முதலில் மசில் கார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அளவில் நடுத்தரம், விலையில் நடுத்தரம், பின் சக்கரங்களை ஓட்டும் இன்ஜின் மட்டும் பெரிய காருக்கு உரியது. சுருக்கமாகச் சொன்னால் குட்டி யானைக்கு மதயானையின் பலம். இந்த வம்சத்துக்கு மூத்ததாகப் பலரும் சொல்வது 1964 மாடல் பான்டியாக் ஜி.டி.ஓ. அது பிறந்த கதை சுவாரசியமானது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தது. பான்டியாக் பிரிவிலிருந்த ஜான் டிலோரியன் குழுவினர், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற காரில் 'வாடிக்கையாளர் விரும்பினால்' என்று சொல்லி 389 கன அங்குல இன்ஜினை வைத்து விற்றார்கள். லிட்டரில் சொன்னால் 6.4. நம்ம மாருதி 800-இன் இன்ஜின் எட்டை ஒன்றாகக் கட்டினால் வருகிற அளவு! விதி புதுக் காருக்குத்தான், இது பழைய காரில் ஒரு கூடுதல் வசதி என்று தப்பித்துக்கொண்டார்கள். நம் தாலுகா ஆபீஸ்களில் பார்த்திராத தந்திரமில்லை.

கம்பெனி சொன்ன சக்தி 325 குதிரைத் திறன். அந்தக் கணக்கில் கொஞ்சம் காற்றும் உண்டு. இன்ஜினைத் தனியே பெஞ்சில் ஏற்றி, அதோடு சுற்ற வேண்டிய உபகரணங்களை எல்லாம் கழற்றிவிட்டு அளந்த எண் அது. வண்டியில் இருக்கிறபடியே அளக்கும் முறை 1972 மாடல்களில் வந்தபோது எல்லா அமெரிக்கக் கார்களின் எண்ணும் மளமளவென்று இறங்கியது. அதற்குள் புகைக் கட்டுப்பாடும் இன்சூரன்ஸ் பிரீமியமும் கழுத்தைப் பிடித்துவிட்டன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதோடு அந்தச் சகாப்தம் ஏறக்குறைய முடிந்தது. பத்தே வருஷக் கூத்து. அதற்குத்தான் இன்று வரைக்கும் இந்தப் பேச்சு.

இதற்கும் கான்டெஸாவுக்கும் என்ன சொந்தம்? தூரத்துச் சொந்தம் இருக்கிறது. கான்டெஸாவின் உடம்பு, இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த விக்டர் எஃப்.இ. என்ற காருடையது. வாக்ஸாலை ஜெனரல் மோட்டார்ஸ் 1925-லேயே வாங்கிவிட்டது. ஆகவே அந்த நீண்ட மூக்கு, இடுப்பில் கொஞ்சம் வளைந்து பின்னால் எழும்பும் அந்த உடல்வாகு, எல்லாம் அமெரிக்கப் பெரியப்பா சாயல். அங்கே அந்தக் கார் நின்ற பிறகு, அச்சுகளை வாங்கி வந்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெஸாவாக விட்டது. பின் சக்கரம்தான் ஓட்டும். முகம் பயில்வான், பேரும் பணக்காரப் பேர்.

உள்ளே? அம்பாசடரின் அதே 1489 சி.சி. இன்ஜின். ஐம்பது குதிரையை ஒட்டிய சக்தி. ஒரு டன்னுக்கு மேல் எடை உள்ள வண்டியை அது இழுத்த இழுப்பை, ஏ.சி. போட்டுக்கொண்டு செஞ்சிக் கணவாய் ஏறியவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் கான்டெஸா கிளாசிக் நிமிர்ந்து நின்றது. தொண்ணூறு குதிரையை நெருங்கிய சக்தி, அன்றைய ஜி.எஸ்.டி. ரோட்டில் அது ராஜா. 2002-இல் உற்பத்தி நின்றது.

அந்த ரோட்டிலேயே இன்னொரு உதாரணமும் இருந்தது. திண்டிவனத்திலிருந்து தாம்பரம் போகிறவர்களில் என் வயதுக்காரர்களுக்கு வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலை நினைவிருக்கும். ஹெரால்டு செய்த கம்பெனி. 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒன்று விட்டார்கள். உடம்பு, இங்கிலாந்தில் எட்டு சிலிண்டர் இன்ஜினோடு பேர் வாங்கிய ரோவர் எஸ்.டி.1. இங்கே உள்ளே போட்டது பழைய வான்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர். மூன்று நாலு வருஷத்தில் காரும் நின்றது, கம்பெனியும் படுத்தது. உடம்புக்கும் இன்ஜினுக்கும் பொருத்தம் பார்க்காத கல்யாணம் அது.

இனி கருத்துகள்.

முதலில் ஒரிஜினல் கட்சி. இந்தக் கட்சிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். அவர் வண்டியில் வீல் கப் கூட கம்பெனி போட்டதுதான். அவர் வாதம்: "புதுசா ஆயிரம் கார் வரும் தம்பி, வாங்கி என்ன வேணா பண்ணு. இது இனிமே வராது. இருக்கிறதையும் வெட்டினா பாக்கி எத்தனை?" இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. பானட், கதவு, டெயில் லைட், கண்ணாடி ரப்பர் என்று வெளிச்சாமான் கிடைக்காமல் எத்தனையோ கான்டெஸாக்கள் ஷெட்டிலேயே மக்கிவிட்டன. மரக்காணம் உப்பளக் காற்றில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கதவுக்குக் கீழே விரல் வைத்தால் விரல் உள்ளே போகிறது.

எதிர்க்கட்சி, இங்கே பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள். "அண்ணே, கார் ஓட்டறதுக்குத்தானே? பூஜை ரூம்ல வைக்கவா?" என்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி நன்றாகப் படித்துவிட்டு வந்து வாதாடினான். ஜி.டி.ஓ.வே ஓர் இன்ஜின் மாற்றம்தானே என்றான். காரல் ஷெல்பி 1965-இல் ஃபோர்டு மஸ்டாங்கை வாங்கிப் பிரித்து மாற்றி ஜி.டி.350 என்று விற்றார், இன்று சாதா மஸ்டாங்கை விட அதற்குத்தானே மதிப்பு என்றான். பென்சில்வேனியாவில் டான் யென்கோ என்ற ஷெவர்லே டீலர் கமாரோவில் 427 கன அங்குல இன்ஜினை ஏற்றி விற்றதையும் சொன்னான். கடைசியாக ஒரு போடு போட்டான்: "கான்டெஸாவுக்கு எதுண்ணே ஒரிஜினல்? அம்பாசடர் இன்ஜினா, இசுசுவா, வாக்ஸாலா?"

தலைமையாசிரியரே ஒரு நிமிஷம் பேசவில்லை.

அந்தத் தம்பியின் வாதத்தில் முக்கால்வாசி சரி. ஆனால் ஷெல்பியும் யென்கோவும் புத்தம்புதுக் காரில் கை வைத்தார்கள். அன்று மஸ்டாங் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தது; ஒன்று கெட்டால் நஷ்டம் ஒன்றுக்குத்தான். இன்னொன்று, அவர்கள் செய்ததை வரிசை எண் போட்டு எழுதி வைத்தார்கள். அதனால் மாற்றமே சரித்திரம் ஆயிற்று. அமெரிக்கச் சந்தையில் இன்றும் முதல் கேள்வி, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பிறந்தபோது இருந்த ஜோடிதானா என்பது. 'புல்லிட்' என்ற 1968-ஆம் வருஷத்துப் படத்தில் ஓடிய மஸ்டாங் 2020 ஜனவரியில் ஏலத்தில் போன விலை, கட்டணங்கள் உட்பட, 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதற்கு யாரும் புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. பட ஷூட்டிங்குக்காக அந்தக் காலத்தில் செய்த மாற்றங்கள் அப்படியே இருந்தன. இதில் வேடிக்கை பாருங்கள், அதுவும் மாற்றப்பட்ட கார்தான். மாற்றியதை மறுபடி மாற்றாமல் விட்டதற்குத்தான் அந்த விலை.

நம் ஊரிலும் கார்களை மாற்றியிருக்கிறோம், வேறு காரணத்துக்காக. ஐம்பதுகளில் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி பூட்டிய ப்ளிமத், டாட்ஜ் கார்களும், இறக்குமதியான ஷெவர்லேக்களும் பிற்பாடு டாக்ஸிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வந்தன. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, ஸ்பேர் கிடைக்கவில்லை. டீசல் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கட்டட் கடகட் என்று சத்தம், கறும்புகை. ஆனால் வண்டி ஓடியது, குடும்பம் பிழைத்தது. அந்தக் கைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அது வயிற்றுக்காகச் செய்த மாற்றம். நம் நண்பருடையது ஆசைக்காகச் செய்வது. ஆசை தப்பில்லை, ஆனால் ஆசைக்கு அவசரம் இல்லையே?

அடுத்து நான் போனது விழுப்புரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு. கட்சி எதுவும் இல்லாத மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், விரலால் தட்டினார். "இதுல பாதி பட்டி சார்" என்றார். பளபளவென்ற கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே துருவை மூடிப் பட்டி பார்த்திருக்கிறார்களாம். பிறகு அவர் சொன்னதுதான் இந்தப் பேச்சிலேயே முக்கியமான சேதி என்பது என் அபிப்பிராயம். "இதுக்குத் தனியா சேசிஸ் கிடையாதுங்க. ஓடுதான் எலும்பு. ஆமை மாதிரி."

இது என்னவென்று தம்பிகளுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன். லாரிக்குக் கீழே ஏணி மாதிரி ஒரு சட்டம் இருக்கும். உடம்பை அதன் மேல் வைத்துப் போல்ட் போடுவார்கள். நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்படித்தான். உடம்பைக் கழற்றி எடுத்துவிடலாம். ஜி.டி.ஓ.வுக்கும் தனிச் சட்டம் உண்டு. கான்டெஸா அப்படி இல்லை. தரைத் தகடு, ஓரத் தகடு, இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகடு எல்லாம் சேர்ந்து வெல்டு ஆகி, அந்தக் கூடே பாரத்தைத் தாங்குகிறது. ஆறு சிலிண்டர் நீளத்துக்கு இடம் வேண்டும் என்று நடுத் தகட்டை வெட்டினாலோ, பெரிய கியர் பாக்ஸுக்காகத் தரையில் ஓடும் மேட்டை வெட்டினாலோ, எலும்பை வெட்டியதாக ஆகிறது. அதுவும் துரு பிடித்த எலும்பை. அதன் மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு முறுக்குவிசையைப் போட்டால், ஒரு நாள் கதவு மூடாது, இன்னொரு நாள் கண்ணாடி தானாக விரியும். அதற்கும் அடுத்த நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். "இன்ஜினை உட்கார வைக்கறது ஒரு வாரம். அதுக்கப்புறம் ப்ரொபெல்லர் ஷாப்டைச் சின்னதாக்கி பேலன்ஸ் பண்ணணும், பின் ஆக்சில் அந்த இழுப்பைத் தாங்காது, ரேடியேட்டர் பத்தாது, ஸ்டியரிங் கனத்துப் போயிடும். ஒண்ணு மாத்தினா ஒன்பது மாத்தணும்" என்றார். பிரேக்கைப் பற்றி அவர் சொல்வதற்கு முன்னால் நானே கேட்டேன். சிரித்தார். "எல்லாரும் கடைசியிலதான் சார் அதைக் கேக்கறாங்க."

நம் இயற்பியல் துறைத் தலைவர் இங்கே இருக்கிறார், தவறிருந்தால் திருத்தட்டும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சூடு ஒரு பங்கு என்றால், 120-இல் நாலு பங்கு. இன்ஜினை மாற்றியவர்கள் வேகத்தை இரண்டால் பெருக்கிக்கொள்கிறார்கள். பிரேக் அதே பழைய பிரேக். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் நேரான நான்கு வழிச் சாலை, கால் தானாக அழுத்தும். குறுக்கே ஒரு டி.வி.எஸ். 50 கரும்புக் கட்டோடு வரும். பாக்கியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரின் வீட்டம்மாவிடமும் கேட்டேன். "அண்ணா, எந்த இன்ஜின் வேணா போடட்டும். முதல்ல அந்த ஏ.சி.யைச் சரி பண்ணச் சொல்லுங்க. வர மாசி மகத்துக்காவது வேர்க்காம போகணும்" என்றார்கள். கேட்ட கருத்துகளில் மிகத் தெளிவானது இதுதான்.

சட்டத்துக்கு வருவோம். பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், டி.என். 32, டி.என். 16 இரண்டு ஆபீஸ் வாசலையும் பார்த்தவர், விவரமாகச் சொன்னார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்தும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதிலிருந்தும் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. பெயிண்ட் நிறம் மாற்றி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம், வேறு ஜாதி இன்ஜினை வைத்துக்கொண்டு எஃப்.சி.க்குப் போய் நிற்க முடியாது. ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானட்டைத்தான் திறப்பார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அதற்குப் பிறகு புதுப்பிக்க 5,000 என்று விதியில் வைத்தார்கள். தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரிக்குக் கொண்டுபோகலாம். நிபந்தனை ஒன்று: சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

முதல் கான்டெஸாக்கள் 2034-இல் அந்த வயதைத் தொடும். நம் நண்பருடையது 2041-இல். இன்று கட்டர் எடுத்து நடுத் தகட்டை வெட்டினால், 2041-இல் அந்தக் கதவு அடைபடும். பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-இலும் 2025-இலும் ஏறியதைப் பார்த்தால், தனிப் பதிவு இல்லாத பழைய காரை வைத்துக் காப்பாற்றுவது இனி சுலபமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கருத்து என்ன என்று நண்பர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன். நான் ஒரிஜினல் கட்சியில் சேரவில்லை. வெள்ளைப் பட்டை இருக்கட்டும். ஸ்டிக்கர் மாதிரிதான், நாளைக்கு எடுக்கலாம். அலாய் வீல் இருக்கட்டும். பழைய வீல் நாலையும் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். சீட்டு, ஸ்டீரியோ, லைட்டு எதுவானாலும் ஸ்பானரால் போட்டு ஸ்பானரால் கழற்ற முடிகிறவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டரும் வெல்டிங்கும் வருகிற இடத்தில் நிற்க வேண்டும். வெல்டிங் செய்யத்தான் வேண்டுமென்றால் அந்தப் பட்டியைச் சுரண்டி, துருப் பிடித்த ஓரத் தகடுகளுக்கு நல்ல தகடு வைத்துச் செய்யுங்கள். இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி அதற்கே போய்விடும். டிங்கர் சொன்ன கணக்கு.

மீதியில் அந்த இசுசுவை இறக்கி, ஒழுங்காக ரீபோர் பண்ணி, ஹெட் வேலை பார்த்து ஏற்றுங்கள். அம்பாசடரிலும் தொண்ணூறுகளிலிருந்து இசுசு 1.8 வந்ததால் சாமான் இன்னும் தேடினால் கிடைக்கிறது. இன்ஜின் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் பிரேக். அதற்கும் முன்னால் ஏ.சி., இல்லையென்றால் மாசி மகத்தன்று என்னைத்தான் கேட்பார்கள்.

பின் வரிசைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உனக்கு இன்ஜின் மாற்றிப் பார்க்கும் ஆசை நிஜமாக இருந்தால், விபத்தில் அடிபட்டு, பதிவு ரத்தாகி, எடைக்குப் போகும் வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றை வாங்கி, பட்டறை ஓரத்தில் போட்டுப் பிரித்துப் பூட்டு. ரோட்டுக்கு வராத வரை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் உன்னைக் கேட்க மாட்டார். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீ டீ கார் மியூசியம் 2015-இலிருந்து இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார். பார்த்துவிட்டு வந்து மறுபடி என்னோடு வாதாடு. 2041-இல் உனக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது இருக்கும். நண்பருக்கும் எனக்கும் அப்போது ஸ்டியரிங் பிடிக்கக் கை நடுங்கும். இந்த வண்டி யாருக்குப் போகும் என்று அவர் இன்னும் உயில் எழுதவில்லை.

சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் மூன்றாம் முறையாகச் சைகை காட்டுகிறார். நண்பர் யோசிக்க ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறார். என்ன முடிவெடுத்தார் என்பதை அடுத்த மலரில் அவரே எழுதுவார். எழுதி வாங்குவது செயலாளர் பாடு.